பதினாலாம் பக்கம்

ஊர் மலருக்கு ஒரு படம் குறைந்தது.
துலாவும் கிணறும் வேண்டுமாம்.
துலாவைத் தொண்ணூறில் பங்கருக்குத் தறித்தார்கள்,
கிணறு தூர்ந்து கிடக்கிறது.
"எங்கையாவது எடுத்துப் போடும் தம்பி,
நாளைக்கு அச்சுக்குப் போகவேணும்"
என்றார் மலர்க்குழு நாகமுத்தர்.

கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
மின்சாரம் போய்வந்த மத்தியானம்
கஜீபன் அனுப்பியதைத் திறந்தேன்.
ருமேனியாவில் அவனுக்கு ஆட்டுப்பட்டி வேலை.
அங்கேயும் துலா. அதே சாய்வு.
மிதிக்க ஆளில்லை,
பின்நுனியில் ஒரு மரக்குற்றி தொங்குகிறது.
கிணற்றுக்கட்டில் தகரக் கோப்பை, சங்கிலியோடு.
"வழியால போற ஆரும் குடிக்கலாம் அண்ணை,
ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை."

பனியை வெட்டினேன்.
கோயில் கூம்பை ஒரு பனைக்குப் பின்னால் மறைத்தேன்.
கோப்பையை விட்டுவிட்டேன்.
கீழே அவர்கள் எழுதித் தந்த வரி:
எமதூரார் யாவரும் பருகிய நன்னீர்.

வெளியீட்டு விழாவில் ஒருவரும் கவனிக்கவில்லை.
வடையும் தேநீரும் தந்தார்கள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
அந்தப் பக்கத்திலேயே இருந்தாள்.
அந்தக் கட்டுக்கு வெளியே,
ஆராவது இரங்கி வார்க்கும்வரை
குடத்தோடு நின்றவள்.

"இந்தக் கோப்பையை
எப்பவடா கட்டினவங்கள்?"