பாதிக் கூலி

சமார் தீவில் சுவர் எழுதுகிறவன் நான்.
மூன்று தவணைக்கு மேல் கூடாதென்று
மணிலாவில் சட்டம் வந்த வருஷம்
வேலை பெருகும் என்றிருந்தேன்.

கீழவை உறுப்பினர் மொன்டெசினோஸ் இறங்கினார்.
அவர் மனைவி ஏறினாள்.
ஆம்புலன்ஸ் கதவில், கூடைப்பந்துத் திடலில்,
பாதியில் நிற்கும் பாலத்தின் பலகையில்
முதல் பெயரை மட்டும் சுரண்டி
மாற்றி எழுதச் சொன்னார்கள்.
குடும்பப் பெயர் அப்படியே இருக்கட்டுமாம்.
கூலியும் பாதிதான்.

ஒன்பது வருஷம். அப்புறம் மகன்.
அப்புறம், ஓய்வெடுத்துத் தலைமயிர் கறுத்து
மறுபடி அவரே.

பாலம் இன்னும் நடு ஆற்றில் நிற்கிறது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் படகில் போகிறார்கள்.

நேற்று அந்த வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள்.
பெயர் கேட்டு வரச் சொல்கிறாள் என் மனைவி ரொசெண்டா.
இப்போதே தகரத்தில்
அச்சு வெட்டிவைக்கலாமாம்.