தமிழிடம் வாங்கிய நாற்பது நிமிடம்

கேலண்டரில் ஆகஸ்ட் தாளைக் கிழித்து
அதன் முதுகில் கட்டம் போட்டேன்.
அரையாண்டுக்குப் பதினொரு நாள்.
பாடம் ஆறு. அறை ஒன்று.

பிலோமினா தன் அட்டவணைக்கு
ஆறு கலர் பென்சில் வைத்திருக்கிறாள்.
என்னிடம் இருப்பது நீலம்,
அடிப்பதற்கு மட்டும் ஒரு சிவப்பு.

பாடங்களுக்கு முன்னால்
சீராளனின் தூக்கத்துக்குக் கட்டம் போட வேண்டும்.
சிப்காட்டில் அவனுக்கு நைட் ஷிப்ட்.
கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கு முதுநகரில் இறக்கிவிடும்.
சனி, ஞாயிறு பகல் முழுக்க
மின்விசிறிக்குக் கீழே அண்ணன்.
அப்போது சத்தம் போடாத பாடம்தான் சரி.
கணக்கை அங்கே வைத்தேன்.
வேதியியலையும் வைத்தேன்.
கொடியில் தொங்கும் அவன் சட்டையின் வாசனைக்கு
புத்தகத்தில் பெயர் தேடி
பத்து நிமிடம் போயிற்று,
அதற்குக் கட்டம் இல்லை.

உயிரியலுக்கு விடிகாலை நாலரை.
அம்மா ஏலத்துக்குக் கிளம்பும் நேரம் அது,
எப்படியும் விளக்கு எரியும்.
ஆங்கிலம் பஸ்ஸில்.
மீதி எல்லாம் இயற்பியல் விழுங்கியது.
வெள்ளிக்கிழமை மின்னோட்டவியல் முடியாமல் போக
தமிழிடமிருந்து நாற்பது நிமிடம் வாங்கிக் கொடுத்தேன்.
சனிக்கிழமை இன்னும் இருபத்தைந்து.
தமிழ் ஒன்றும் கேட்கவில்லை.
அது வீட்டு ஆள்,
கடைசிப் பந்தியில் உட்கார்ந்து
ரசம் மட்டும் இருந்தாலும் சாப்பிட்டுவிடும்.
தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன்:
தமிழ், பாக்கி, ஒரு மணி ஐந்து நிமிடம்.

திங்கட்கிழமை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
மத்தியானம் விடுமுறை என்றார் கலெக்டர்,
தேர்வும் தள்ளிப் போகும் என்றார்கள்.
கேட்காமல் கிடைத்த நாளை எங்கே எழுதுவது?
புதன் கட்டத்துக்கும் வியாழன் கட்டத்துக்கும் நடுவே
நூல் அளவுதான் இடம் இருந்தது.

ஆறு மணிக்கு மின்சாரம் போயிற்று.
கம்பெனி பஸ் வரவில்லை.
ஏலம் இல்லை, படகுகள் கரையில்.
மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதற்கு
எங்கள் அறை பழகியிருக்கவில்லை;
யார் கால் யார் மேல் என்று தெரியாமல் படுத்தோம்.
இருந்த ஒரு மெழுகுவர்த்தியைச்
சோறு வடிக்கும்வரைதான் அம்மா விட்டாள்.

இருட்டில் கணக்கு வராது.
படம் போட முடியாது. வரைபடம் தெரியாது.
வாய் ஒன்று போதும் என்று வந்தது
கடைசிப் பந்திக்காரி.

மனப்பாடப் பகுதியை இரண்டு தரம் சொன்னேன்.
பிறகு அலகிட ஆரம்பித்தேன்,
கையில் கிடைத்த சொல்லையெல்லாம்.
அம்மா, நேர் நேர், தேமா.
கடலூர், நிரை நேர், புளிமா.
மின்சாரம், நேர் நேர் நேர், தேமாங்காய்.

"தூங்காம என்னடி முணுமுணுப்பு?"

"உன் பேரைப் பிரிக்கிறேன்."

சீராளன். அவனும் தேமாங்காய்.
அவன் இருக்கிறான், அது போய்விட்டது,
இலக்கணத்தில் இரண்டுக்கும் ஒரே காய்.

"சரி, மேலத்தெருவுல இருக்காளே
அந்தக் கலர் பென்சில்?"

பிலோமினா, நிரை நிரை, கருவிளம் என்றேன்.
அவன் ஏன் கேட்டான் என்பது
மறுபக்கம் புரண்டு படுத்த பிறகுதான் உறைத்தது.

ஆஸ்பெஸ்டாஸில் மழை
எந்தத் தளையும் இல்லாமல் கொட்டியது.
எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை,
போனில் சார்ஜ் இல்லை.
ஒரு மணி ஐந்து நிமிடம் தாண்டியிருக்கும்,
பாக்கி தீர்ந்திருக்கும்.
நிம்மதியாகக் கண்ணை மூடினால்
நாளைக்குத் திறக்க வேண்டிய புத்தகம்
நாக்கின் நுனியில் வந்து நின்றது.

இயற், நிரை.
பியல், நிரை.
அதுவும் கருவிளம்.

இந்த ஒரு நிமிடத்தை
நான் யார் கணக்கில் எழுத?