பதினேழு பிரதிகள்

"பு" என்றால் அவர்கள் மொழியில் ஐயா.
எனக்கென்னவோ பூவென்றே காதில் விழும்.
பு ஸா துவாங், எம்.பி.,
பர்மாவில் ஜெயித்து
ஒருநாளும் அவைக்குள் கால் வைக்காதவர்.

ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசம்.
அதை மட்டும் இந்தியில் பிசகாமல் சொல்வார்.
மற்றபடி விகாஸ்புரி இரவுச் சந்தையில்
கடை கட்டும் நேரம்
மிஞ்சிய முள்ளங்கி பொறுக்கும் கூட்டத்தில்
அவரும் ஒருவர்,
கோட்டுப் பையில் பேனாவோடு.
வீட்டுக்காரனுக்கு அவர் மூன்றாம் மாடி நேபாளி.

வருஷத்துக்கொரு முறை
என் ஜெராக்ஸ் கடைக்கு அறிக்கை வரும்.
வன்மையாகக் கண்டிக்கிறோம் என்பது அப்படியே இருக்கும்.
பதினெட்டாம் ஆண்டு என்பதைப்
பத்தொன்பதாக்கித் தருவேன்.
முதலில் நாற்பது பிரதி. பிறகு இருபத்தைந்து.
கனடா போனவர்கள், செத்தவர்கள்,
அங்கேயே திரும்பிப்போய்
மந்திரிக்கு மாலை போட்ட ஒருவர்.
இந்தத் தடவை பதினேழு.
ஜந்தர் மந்தரில் போலீசுக்கே இரண்டு போகும் என்றார்.

அன்று எங்களுக்குத் தேர்தல்.
கடை பூட்டியிருக்க, பள்ளி வாசலில் நின்றிருந்தார்.
வெளியே வந்தவனின் விரலைப் பிடித்துக்கொண்டார்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
கள்ளக் கையெழுத்தோ என்று பார்ப்பவர் போல.

"அழிய எத்தனை நாள்?"
மூன்று வாரம். நகத்தில் இன்னும் அதிகம்.
யாருக்குப் போட்டேன் என்று கேட்கவில்லை.

கடை திறந்து பதினேழும் எடுத்தேன்.
எப்போதும்போல ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னார்.
அவர் கட்டைவிரலிலும்
கொஞ்சம் மை ஒட்டியிருந்தது.
துணியை நீட்டினேன்.
காகிதங்களை
இடது கையில் வாங்கிக்கொண்டார்.