எட்டுக்கு நாலு

நான் கடை திறக்கும் முன்பே அவர் இறந்திருந்தார்.
எங்கோ ஒரு நகரம், அங்கே அப்போது இரவு.
வாழைச்சேனைச் சந்தியில் பஸ் எதுவும் பிந்தவில்லை.

பத்து மணிக்கு வந்தார் கம்ப்யூட்டர் கிளாஸ் நவேந்திரன் சேர்.
கண் சிவந்திருந்தது, உண்மையாகவே.
"எட்டுக்கு நாலு. இண்டைக்கே வேணும் புள்ள.
கறுப்புப் பின்னணி. முகம் பெரிசா.
கீழ நம்மட கிளாஸ்ட பேர்,
அதையும் கொஞ்சம் பெரிசா."

கண்ணீர் அஞ்சலிக்கு என்னிடம் ஒரு அச்சு இருக்கிறது.
இடப்பக்கம் குத்துவிளக்கு, வலப்பக்கம் புறா,
மேலே மலர்வு, உதிர்வு.
'பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கினால்
மிச்சத்துக்குக் கை தானாக ஓடும்:
இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்,
இன்னாரின் மைத்துனரும், சகலனும்.
இவருக்கு யார் சகலன்?
மூன்று கல்யாணமாம். சகலன்மார் இருக்கத்தான் வேண்டும்.
கேட்டுச் சொல்ல ஆளில்லை.
முகத்துக்குக் கீழே நீளமாக ஒரு வெறுமை.
சேர் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார்.
"உலகை மாற்றியவர் எண்டு போடுங்க."
போட்டேன், முந்நூறு புள்ளியில்.

அதைச் செய்தது அவருடைய மென்பொருளில்தான்.
காசு கொடுத்து வாங்கியதல்ல,
முதலாளி கொழும்பிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்தது.
ஏழு வருடமாக, திறக்கும்போதெல்லாம்
'இது உண்மையான பிரதி அல்ல' என்று ஒரு பெட்டி வந்து சொல்லும்.
மூடிவிட்டு வேலை பார்ப்பேன்.
அன்றும் வந்தது,
சரியாக அவர் முகத்துக்கு மேலே.
மூடினேன்.
வழக்கத்தைவிட மெதுவாக மூடினேன் என்று நினைக்கிறேன்.

மெஷின் ஓடும்போது ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.
ஓட்டமாவடிப் போன்கடை றிஸ்மி
"இனி சாமான் விலை ஏறுமா, இறங்குமா?" என்று கேட்டார்.
கேட்டபின் வெட்கப்பட்டு, "நல்ல மனிசனாம்" என்றார்.
கச்சான் விற்கிற அக்கா எத்தனை பிள்ளைகள் என்று கேட்டா.
ஓட்டோக்காரர் ஒருவர்,
"இவ்வளவு காசிருந்தும் ஒரு கிழமை கூட்டி வாங்க ஏலாமப் போச்சே."
அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.
அவர் பக்கத்தில் ஒரு பெடியன், போனிலிருந்து தலை தூக்காமல்
அழுகிற முகங்கள் மூன்றை அனுப்பினான்,
யாருக்கென்று தெரியாது.
போட்டோக் கொப்பிக்கு வந்த ஒருத்தி மட்டும்
"எங்கட அண்ணனை ஒரு ஈமெயிலில வேலையால நிப்பாட்டினவன்" என்றா.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனா.

மறுநாள் விடிய, ஐஸ் அரசரெத்தினம் செத்துப்போனார்.
துறைமுகத்தில் முப்பது வருடம் ஐஸ்கட்டி உடைத்தவர்.
மகன் வந்தான், சேட்டுப் பையில் அடையாள அட்டைப் படம்.
நாலு மணிக்கு எடுக்கிறார்களாம்.
நேற்றைய கோப்பைத் திறந்து வேறு பெயரில் சேமித்தேன்.
முகத்தை மாற்றினேன். விளக்கும் புறாவும் அப்படியே.
இம்முறை உறவுகள் கொள்ளவில்லை,
மச்சான்மார் மட்டும் ஒன்பது பேர்.
எழுத்தைச் சின்னதாக்கி, இன்னும் சின்னதாக்கி,
ஒருவரும் விடுபடக் கூடாதென்ற பயத்தில்
பெயர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒழுங்கை முகப்பில் கட்டியபிறகுதான் கண்டேன்.
அந்த ஒடுங்கிய முகத்துக்கு நேர் கீழே, முந்நூறு புள்ளியில்,
உலகை மாற்றியவர்.

ஓடினேன். வேறொன்று அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.
மகன் அப்போதுதான் வாசித்தான்.
மனிசி எழும்பி வந்து
எழுத்தெழுத்தாக வாசித்தா.
"ஆர் போடச் சொன்னது?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"இவர் உடைக்கிற ஐஸில பாதி வழியிலேயே கரைஞ்சிரும்" என்றா.
பிறகு, "கிடக்கட்டும் புள்ள."

திரும்பி வரும்போது சந்தியில்
சேரின் பதாகை ஒரு மூலை அறுந்து
கிளாஸ்ட பேர் மடங்கிக் கிடந்தது.
இரண்டுக்கும் காசு வந்ததா என்று முதலாளி கேட்டார்.
ஐஸ்காரர்ட மகன் முழுதாகத் தந்துவிட்டான்.
சேர் இன்னும் தரவில்லை.