ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு

லீட்ஸில் இரவு ஒன்றரை.
மலைப்பக்கம், ஹாஸ் ஊரில்,
நின்று எழுந்த ஒரு ரூட்டர்
இருட்டைப் பார்த்துக் கூவுகிறது:
யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன், என்கிறது எக்ஸ்சேஞ்சில் ஒரு பெட்டி.
உன்னோடு வரட்டுமா?
வா. உன் எண் இது. தொலைத்துவிடாதே.

நாலே வாக்கியம்.
இதைவிட அதிகம் பேசியா
நானும் செண்பகாவும் கல்யாணத்துக்குச் சம்மதித்தோம்!

அங்கிருந்து என்னிடம் வர
ஒரு சுரங்கம்.
மண்வெட்டி வேண்டாம், வெடி வேண்டாம்.
உறைக்குள் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை,
எல்லாவற்றுக்கும் மேல் என் முகவரி.
வழியில் லேபர்ன் தூங்குகிறது, ஹாரோகேட் தூங்குகிறது,
விழித்திருந்தாலும் அவற்றுக்குத் தெரியாது
உள்ளே போவது யாரென்று.

வாசலில் கடவுச்சொல் கேட்பேன்.
சொல்லிவிடாதே என்பேன் அதே மூச்சில்.
ஒரு எண் தருகிறேன்,
உனக்குத் தெரிந்ததை இதோடு பிசைந்து காட்டு.
உருண்டையைப் பார்த்தால் போதும்,
உப்பு எவ்வளவென்று தெரிந்துவிடும்.

தெரிந்தது. உள்ளே வந்தாயிற்று.
இருபது நொடிக்கொருமுறை கேட்டுக்கொள்கிறோம்:
இருக்கிறாயா?
இருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும்
ஐந்து நாளாக அழைக்கிறார் ஹில்டா மெட்காஃப்,
கால்நடை மருத்துவர்.
ஏப்ரல், ஆடுகள் ஈனும் மாதம்,
அவருக்கும் தூக்கமில்லை.
கடிதம் போகிறதாம், விசாரிப்புகள் போகின்றனவாம்,
ஒரு கடாவின் முன்னங்கால் எக்ஸ்ரே மட்டும்
மூன்று சதவீதத்தில் நின்றுவிடுகிறதாம்.
"உங்கள் கம்பிக்கு எலும்பு ஆகாதோ?"

கம்பியைச் சந்தேகித்தேன்.
அவருடைய ரூட்டரைச் சந்தேகித்து
புதிது ஒன்று தபாலில் அனுப்பினேன்.
நேற்று அவரையே கொஞ்சம் சந்தேகித்தேன்.

ஒரு பாக்கெட்டில் ஆயிரத்து ஐந்நூறு பைட் கொள்ளும்.
உறைக்கு எட்டு கழியும்.
சாக்கின் எடையைக் கழிக்காமல்
எந்த மண்டியில் நெல் வாங்குகிறார்கள்?
மிச்சம்தான் மேலே எழுதியிருப்பது.
அதற்கப்பால் எங்கோ ஒரு பாலம்
இன்னும் குறுகல்.

பாலத்து ரூட்டர் நல்ல பிள்ளை.
பெரிதாக இருக்கிறது,
சின்னதாக்கி அனுப்பு என்று
சீட்டு எழுதி, எழுதி, ஒவ்வொரு முறையும்
ஹாஸுக்குத் திருப்பியிருக்கிறது.
ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு
விதிப் பட்டியலைத் திறந்தேன்.
போன வாரம், பகல் ஷிப்ட், ஐந்து ஐம்பது,
பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
எவனோ ஒரே வரியில் எழுதியிருக்கிறான்:
இந்த வகைச் செய்தி அத்தனையும் தொந்தரவு,
தடு.
பக்கத்தில் எண்ணிக்கை:
நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.

அத்தனை முறை ஒருவன் பணிவாகச் சொல்லியிருக்கிறான்.
அத்தனை முறையும் கதவடைத்தவனின் பெயர்
வரியின் ஓரத்திலேயே இருந்தது.
என் பெயர்தான்; எழுத்துப்பிழைகூட இல்லை.

வரியை அழித்தேன்.
சீட்டு ஒன்று ஊர் போய்ச் சேர்ந்தது.
பாக்கெட்டுகள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு
ஒன்றன்பின் ஒன்றாகப் பாலம் ஏறின.
எலும்பு முறிந்ததா, மயிரிழை விரிசலா,
எனக்குத் தெரியாது.
நான் பார்த்தது ஏறிக்கொண்டே போன எண் மட்டும்.

போன் வந்தது.
"போய்விட்டது! என்ன செய்தீர்கள்?"
பின்னால் ஏதோ ஒரு ஆடு கத்திற்று.
வழியில் ஓர் அடைப்பு, என்றேன்.
அடைத்தது யாரென்று அவர் கேட்கவில்லை.

விடியுமுன் படிவம் நிரப்ப வேண்டும்.
கோளாறின் காரணம் என்ற கட்டத்தில்
வியாழக்கிழமையை, பஸ்ஸை, அவசரத்தை,
கடாவின் காலை, அந்த நல்ல பிள்ளையை,
நேற்று நான் அவரிடம் பேசிய தோரணையை,
எல்லாம் எழுதி அனுப்பினேன்.

திரும்பி வந்தது:
பெரிதாக இருக்கிறது. சுருக்கவும்.

சுருக்கினேன்.
நான்தான்.