கப்பி ஒன்று, கொண்டி நான்கு

பதினோரு வருடமாக
கடைசிப் பக்கத்தில் மட்டும் பொய் சொல்லிவந்தேன்.
ஐந்து கோட்டுக்கும் கீழே
இரண்டு துண்டுக் கோட்டைப் பிடித்துத் தொங்கும் அந்த ஸி
என் டபுள் பாஸில் கிடையாது.
ஈ கம்பியோடு தரை முடிந்துவிடும்.
அதனால் ஒரு ஸ்தாயி மேலே ஏறி
அதே பெயருள்ள வேறொன்றை வாசிப்பேன்,
கடன்காரன் வாசலில் நிற்கையில்
அண்ணன் ஊரில் இல்லை என்கிற தங்கையின் முகத்தோடு.
யாரும் கேட்டதில்லை.
பெரம்பூர் கோயிலின் பாடகர் குழுவுக்கு
பாஸ் என்பது பீரோ மாதிரி.
இருக்கிறதா, சரி.

இந்த வருடம் சீட்டு எடுத்தேன்.
நீளக் கம்பி ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்து
சுங்கத்தில் பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்தது.
மற்றதெல்லாம் காசிமேடு.

குட்டியானையில் பாஸை மல்லாக்கக் கிடத்தி,
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால்
ஊரைச் சுற்றி,
விசைப்படகுக்கு வின்ச் சாமான் கடையும்
ஜக்கரியாவின் லேத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"இன்னா கனம் இழுக்கும்?"
முப்பது கிலோ இருக்கும் என்றேன்.
"இங்க செய்யிற கப்பி மூணு டன் வலைய இழுக்குது.
இது கொலுசு வேலை."

விளக்கிச் சொன்னேன்.
சுரம் கீழே போக, கம்பி மேலே ஏற வேண்டும்.
தலைச் சுருளையும் தாண்டி
ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடப் போய்
கப்பியில் திரும்பி இறங்கி முறுக்காணிக்கு வர வேண்டும்.
நடுவில் நான்கு கொண்டி,
எந்தச் சுரத்தில் வேண்டுமோ அங்கே மூடிக்கொள்ள.
பென்சிலை வாங்கிக் காதில் சொருகிக்கொண்டார்.
"வலை ஆழம் போவணும்னா கயித்த நீளம் வுடணும்.
அவ்ளோதான?
இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு."

ஈ கம்பிக்கு அடியில் இருந்த மேட்டை
நான்தான் அறுத்தேன்.
நாலு தவணை பாக்கி இருக்கிற வாத்தியம்,
பாழானால் என் கையால் ஆகட்டும்.
கருங்காலித் தூள் நகக்கண்ணில் ஏறியது.
பக்கத்துக் கடையில் ஐஸ் உடைக்கும் சத்தம்
நின்று நின்று வந்தது.
ரம்பத்தை எடுத்த பிறகுதான்
மூச்சு விடவில்லை என்பது தெரிந்தது.

கொண்டிகளைத் திறந்து
வில்லை வைத்து இழுத்தேன்.
நொடிக்கு முப்பத்திரண்டு தடவை.
சத்தம் என்று சொல்ல முடியாது.
லேத் மேசையில் கிடந்த வாஷர் ஒன்று
நடக்கத் தொடங்கியது,
விளிம்புவரை போனது, விழுந்தது.
ஜக்கரியா குனிந்து எடுத்து
இருந்த இடத்திலேயே வைத்தார்.
"இன்னொரு தபா."

ரசீதில்
"படகின் பெயர்" என்றிருந்த இடத்தில்
கொஞ்சம் யோசித்து
"பெரிய வயலின்" என்று எழுதினார்.

வீட்டில் மூன்று வாரம்
ஒரு ர்ர்ர் என்னைத் துரத்தியது.
கொண்டிக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினேன்,
கப்பிக்கு எண்ணெய் விட்டேன்,
ஜன்னல் கம்பி, சிலிண்டர் வளையம்,
தண்ணீர்க் குடத்தின் மேலிருந்த தம்ளர்,
ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு
வாசிக்கச் சொல்லித் தம்பியை வதைத்தேன்.
கடைசியில் அகப்பட்டது
கீழ்வீட்டு நொரீனின் மீட்டர் பெட்டி மூடி.
பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் செருகியதும்
வாயை மூடிக்கொண்டது.

டிசம்பர், கடைசிப் பக்கம், ஆறு பார்.
கோயில் நிறையச் சட்டைக் கஞ்சி மணம்.
தலைக்கு மேல் கையை நீட்டித் திறந்தேன்.
நடத்துநர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
டெனர்கள் வழக்கம்போல முந்தினார்கள்.
இரண்டாவது பெஞ்சில்
புது ஷூ போட்ட ஒரு பையன் மட்டும்
பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு
பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினான்.
ஒன்றும் இல்லை.
அம்மாவின் செருப்பைத் தூக்கிப் பார்த்தான்.
அங்கேயும் இல்லை.
உள்ளங்கையைத் தரையில் வைத்து
அப்படியே இருந்தான்.

அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில்
அடுத்த நுழைவைத் தவறவிட்டேன்.