நிப்பு

பட்டிமன்றம் இல்லை என்று சங்கரபாண்டியன் சார்
மூன்று தடவை சொல்லிவிட்டார்.
மாதிரி நீதிமன்றம். ஆளுக்கு ஐந்து நிமிடம்.
தலைப்பு: உயிரை முடிக்கும் உரிமை.
கருக்கலைப்பும் தூக்கும் ஒரே தலைப்பில்,
பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸில்
ரெண்டு பேர் சீட்டில் மூன்று பேர் மாதிரி.

ஜாஸ்மின் கிருபாவுக்குச் சிக்கல் இல்லை.
நாசரேத்துக்காரி. ரெண்டுமே கூடாது என்பாள்.
"உயிர்னா உயிர்தான். நீ மட்டும் எதுக்கு
ரெண்டு படிக்கல் வச்சிருக்க?"
ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.
என்னிடம் பதில் இருந்தது.
வாயில் கிளிப்பும் இருந்தது.

சித்தி மகன் கொம்பையாவைக்
கன்னடியன் கால்வாய் மடையில் வைத்து
தண்ணீர் முறைக்காக வெட்டினான் ஒருத்தன்.
ஆறு வெட்டு. ஆறாவதற்கு அவன் இல்லை.
தீர்ப்பு ஆங்கிலத்தில் வந்தது.
எங்கள் வளவில் சட்டம் படிக்கிறவள் நான் ஒருத்திதான்.
தமிழில் வாசித்துச் சொன்னேன்.
"சாகும் வரை" என்ற இடத்தில் எச்சில் இறங்கவில்லை.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்,
சந்தோஷமாகத்தான் இருந்தது.
ரெண்டு நாள் இருந்தது.

சித்தி ஒன்றுதான் கேட்டாள்.
"ஏட்டி, எழுதி முடிச்சதும்
பேனா நிப்பை எதுக்கு உடைச்சாராம்?"
"வழக்கம் சித்தி. அந்தப் பேனா
இன்னொரு தரம் எதையும் எழுதக் கூடாதுன்னு."
அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
"அப்போ அவருக்கே மனசாகலை" என்றாள்.
பிறகு தகரத்தில் கல் விழும் சத்தம்தான்.

ஆவுடைத்தங்கம் மதினி இருப்பது முக்கூடலில்.
நாளைக்கு ஆயிரம் பீடி. ரெண்டு பெண்பிள்ளைகள்.
அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்து போனான்.
பத்தாவது வாரம்.
"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா
இது ஆம்பளப் பிள்ளையா இருக்கும்னு சொல்லுவாக.
போன தடவையும் அதைத்தான் சொன்னாக."
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. ஒன்பதரைக்கே வெயில்.
"வீட்டுக்காரர் கையெழுத்து?"
தலை நிமிராமல் கேட்டார் நர்ஸ்.
"சட்டப்படி அவங்க கையெழுத்து போதும்."
என் முதல் வழக்கு, நாலே சொல்.
முழங்கால் நடுங்கியது.
நர்ஸ் என் அடையாள அட்டையைப் பார்த்தார்,
பிறகு படிவத்தை மதினி பக்கம் தள்ளினார்.
மதினி பேனா கேட்டாள். கொடுத்தேன்.
பீடித்தூள் ஏறிய விரலால்
ஆவன்னாவின் சுழியை முடிக்க வெகுநேரம் ஆயிற்று.
எல்லாம் முடிந்து வெளியே வந்து அழுதாள்.
அப்புறம் பசிக்கிறது என்றாள்.
ரெண்டையுமே நான் நம்பினேன்.

கிருபா, என் படிக்கல் ரெண்டும் இதுதான்.
அந்தக் கயிற்றில் என் கையும் இருக்கும்,
என்னைக் கேட்காமலே.
சித்தி கை, நீதிபதி கை, துணி உலர்த்தும் உன் கை.
இத்தனை பேர் சேர்ந்து இழுத்தால்
யாருமே இழுக்கவில்லை என்று வீட்டுக்குப் போய்
சோறு சாப்பிடலாம்.
மதினியின் தாளில் அவள் கை மட்டும்.
என்னுடையது பேனா, அவ்வளவுதான்.

"பேச வாயில்லாததுக்கு யாருடி வக்கீல்?"
நீ கேட்பாய். கேள்.
அந்த இடத்தில் என்னிடம் சட்டப்பிரிவு இருக்கிறது,
எண்ணோடு சொல்லுவேன்.
சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

காலையில் பஸ் ஜெயில் சுவரைத் தாண்டும்போது
உள்ளே அவன் பல் துலக்கிக்கொண்டிருப்பான்.
நான் மன்னிக்கவில்லை.
துலக்கட்டும். முப்பது வருஷம் துலக்கட்டும்,
கொம்பையாவின் பல் வரிசை ஞாபகம் வருகிறவரை.

மதினி திருப்பித் தந்த பேனாவை
யாரும் உடைக்கவில்லை.
அன்று மத்தியானமே அதால் பரீட்சை எழுதினேன்.
இப்போது ஐந்து நிமிடத்தையும் அதால்தான் எழுதுகிறேன்.
மூடியைக் கழற்றினால்
இன்னும் கொஞ்சம் புகையிலை வாசம்.